பறுவத்துக்குப் பறுவம் இருமும் பிக்கப்

போன மாதம் பறுவத்துக்கு, அதாவது முழுநிலவு நாளுக்கு, முதல் நாள் சல்லிக்குப் போயிருந்தேன். சித்தியின் மகள் சுமதி அங்கேதான் இருக்கிறாள். நான் இருக்கிற திருகோணமலை லிங்கநகரில் இருந்து சல்லி அப்படியொன்றும் தூரமில்லை... ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போவதோடு சரி. கடல் கடந்து இருக்கிற சொந்தங்களோடு வாரம் தவறாமல் கதைக்கிறோம். பக்கத்து ஊரில் இருப்பவர்களை எப்போது ஒழுங்காகப் பார்த்திருக்கிறோம்?

சுமதியிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. பெற்றோல் வாகனம், பழையது, ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்திருக்க வேண்டும். அதில் மீன் ஏற்றிக்கொண்டுபோய் நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஓட்டுவதும் அவளேதான்.

நான் போய் இறங்கிய நேரம் அந்தப் பிக்கப்பைச் சுற்றி ஒரு மகாநாடு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு லீலாக்கா, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர், கடைக்குச் சோடா இறக்க வந்த லொறிக்காரர் ஒருவர். விஷயம் இதுதான் — பிக்கப் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஓடும்போது இருமுகிறது, குலுக்குகிறது, சந்தியில் மெதுவாக்கினால் நின்றே விடுகிறது. ஆனால் எல்லா நாளும் இல்லை. பறுவத்துக்குப் பறுவம் மட்டும்!

“இது கண்ணூறுதான் பிள்ளை” என்றார் லீலாக்கா என்னைப் பார்த்து. “பொம்பிளை வாகனம் ஓடினா ஊர்க் கண் சும்மா விடுமே?” அதற்கான வைத்தியம் ஏற்கெனவே நடந்திருந்தது. முன் பம்பரில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

லொறிக்காரர் அதை ஏற்கவில்லை. பெற்றோலில் கலப்படம் என்பது அவர் கட்சி. வலை பொத்தியவர்களில் ஒருவர் உப்புக்காற்று என்றார். மற்றவர்தான் எல்லோரையும் வென்றார். “கடலே பறுவத்துக்குப் பொங்குது. தாங்கிக்குள்ள கிடக்கிற பெற்றோல் பொங்காதே?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சுமதியும் சிரித்தாள். ஆனால் தன் பக்கத்துக்கு ஒரு கருத்தும் சொல்லவில்லை. “நீ என்னடி நினைக்கிறாய்?” என்று கேட்டேன். “எனக்கென்னக்கா தெரியும்?” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். சொந்த வாகனத்துக்கு நோய், ஊரே வைத்தியம் பார்க்கிறது... உரிமைக்காரி தேங்காய் துருவப் போகிறாள். எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது.

கதை விளங்க வேண்டுமென்றால் பறுவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலவுக் காலத்தில் வலைத் தொழில் படுத்துவிடும். வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரியும். ஆகவே பறுவத்தை ஒட்டிய நாட்களில் சல்லி ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கரையில் மீன் இருக்காது. ஆனால் பறுவம் என்றால் போயா, போயா என்றால் விடுமுறை. கொழும்பில் இருந்து வான் வானாகச் சனம் நிலாவெளிக்கு வந்து இறங்கும். போதாக்குறைக்கு அன்றைக்கு இறைச்சிக் கடைகளும் பூட்டு. ஹோட்டலுக்கு அதிகமாக மீன் தேவைப்படுகிற நாளும் சல்லியில் மீனே கிடையாத நாளும் ஒன்றாகத்தான் வரும்.

அப்படியான நாட்களில் சுமதி விடியப்புறமே எழும்பி, சல்லியில் இருந்து பட்டணம் தாண்டி, சீனக்குடாப் பக்கம் ஆழ்கடல் படகுகள் வருகிற துறைக்கு ஓடுவாள். அங்கே ஏலம் கூறி விற்கிற இடத்தில் நல்ல அறக்குளாவோ பாரையோ பிடித்து, ஐஸ் போட்டு, வந்த வழியே திரும்பி நிலாவெளிக்குப் போக வேண்டும். ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் மீன் குசினி வாசலில் இருக்க வேண்டும்.

வைகாசிப் பறுவத்துக்குப் பிந்திப் போனாள். ஆனிப் பறுவத்துக்கும் பிந்தினாள். இரண்டு தடவையும் மிஸ்ஸிங்தான் காரணம். குசினிக்குப் பொறுப்பானவர் சத்தம் போடவில்லை. இன்னொரு தரம் இப்படி நடந்தால் இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வர வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். மரியாதையாகச் சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். அந்த ஹோட்டல் போனால் சுமதிக்கு அந்தப் பிக்கப்பால் வேறு பிரயோசனம் இல்லை. நான் போயிருந்தது ஆடிப் பறுவத்துக்கு. அதாவது, மூன்றாவது தவணைக்கு!

பின்னேரம் யோகன் பிக்கப்பின் பொனட்டைத் திறந்தார்.

யோகன், சுமதியின் கணவர். சொந்தமாகப் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். குடிப்பதில்லை, கத்துவதில்லை, கதையும் அளவுதான். கடலுக்குப் போகாத நாளில் மட்டும் மனுசனுக்குக் கை சும்மா இருக்காது. கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவார், கிணற்றுக் கப்பியைக் கழற்றிப் பூட்டுவார். அன்றைக்குப் பிக்கப்பின் முறை.

நான் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சுகம் உண்டு. நாலு பிளக்கையும் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவினார். மண்தாளால் உரஞ்சினார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊதினார். பிள்ளைக்குக் காது சுத்தம் பண்ணுகிற தாய் கூட இவ்வளவு கவனமாகச் செய்யமாட்டாள்.

பிளக் என்றால் என்னவென்று எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. நுனியில், நடுவில் ஒரு முனை நிற்கும். அதற்கு மேலே ஒரு சின்னத் தகடு வளைந்து வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே நகக்கனம் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பொறி பாய வேண்டும். பொறி பாய்ந்தால்தான் பெற்றோல் எரியும், வாகனம் ஓடும்.

அந்த இடைவெளியை யோகன் எதை வைத்து அளந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்?

சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டு தங்கூசி எடுத்தார். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நரம்புதான். அதை இடைவெளிக்குள் விட்டு, மேல் தகட்டை ஸ்பனரால் மெல்லத் தட்டினார். தங்கூசி இறுகியதும் நிறுத்தி உருவி எடுத்தார். சரி. அடுத்த பிளக்.

“தங்கூசியாலயோ அளக்கிறது?” என்று கேட்டேன்.

“எங்கட படகு என்ஜினுக்கும் இதுதான் மச்சாள். அப்பாவும் இப்பிடித்தான் வச்சவர். இந்தக் கரையில எல்லாரும் இப்பிடித்தான்” என்றார். “கடலுக்க என்ஜின் நிண்டா கயிறு இழுத்த இழுவையில பத்த வேணும். நெருக்கி வச்சாத்தான் ஈரத்திலயும் பத்தும்.”

எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்! யோகன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சுமதி குசினி வாசலில் நின்று “நல்லாச் செய்துபோட்டீங்கள்” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் நின்ற நிற்பு சரியில்லை.

மறுநாள் விடியப்புறம் நானும் அவளோடு ஏறிக்கொண்டேன். போகிற வழியில் என்னை லிங்கநகரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வாகனம் நன்றாகத்தான் புறப்பட்டது. சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது ஒரு இருமல். பிறகு இன்னொன்று. பாலம் ஏறும்போது குலுக்கத் தொடங்கிவிட்டது. கண்ணூறு, உப்புக்காற்று, பொங்கும் பெற்றோல் எல்லாம் என் ஞாபகத்துக்கு வந்தன. மேலே பார்த்தேன். பறுவ நிலவு வேறு இன்னும் மறையாமல் நிற்கிறது!

பாலம் தாண்டியதும் ஒரு பனங்கூடல். சுமதி அதன் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினாள். சீற்றுக்கு அடியில் இருந்து ஒரு சீலைப் பொட்டலத்தை எடுத்தாள். பிளக் ஸ்பனர், ஒரு பழந்துணி, பிறகு விசிறிபோல் விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறித்திருந்தது.

“இறங்கி உந்த ரோச்சைப் பிடியுங்கோ அக்கா” என்றாள், ஏதோ தினமும் நடக்கிற விஷயம் மாதிரி.

நான் வெளிச்சம் பிடித்தேன். அவள் பொனட்டுக்குள் குனிந்து முதல் பிளக்கைக் கழற்றினாள். இடைவெளிக்குள் ஒரு தகட்டை விட்டுப் பார்த்தாள். போகவில்லை. “பாத்தீங்களே? ஒட்டாத குறை” என்றாள். பிளக்கின் மேல் தகட்டை மெல்ல நெம்பி இடைவெளியை அகலமாக்கி, மறுபடி விட்டுப் பார்த்தாள். இப்போது வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிக்கப்புக்கு வந்த நோய் நிலவால் வந்ததல்ல. நிலவால் வீட்டில் நிற்கிற புருஷனால் வந்தது.

“வைகாசியில பிந்தின அண்டைக்குப் பட்டணத்தில கராஜில ஆரோ ஒண்டும் சொல்லாமத் தட்டி விட்டாங்கள், ஓடிச்சுது. ஆனியில பிந்தின அண்டைக்கும் அங்கதான் கொண்டு போனனான்” என்றாள். “அங்க மெக்கானிக் ஒருத்தர், கிண்ணியா ஆள். கழட்டிப் பாத்திட்டு, ‘இத ஆரு தங்கச்சி தட்டின? நாலும் நாலு அளவுல கிடக்கு’ எண்டார். தங்கூசி எண்டு சொன்னன். நைலோன் நசியும், மீன் இழுத்த துண்டெண்டா இடையில மெலிஞ்சும் போயிருக்கும், அதால அளந்தா இப்பிடித்தான் வரும் எண்டார். நெருங்கிப் போனா ஸ்டார்ட் நல்லா எடுக்குமாம். ஓடேக்கதான் பொறி காணாதாம். பேந்து எப்பிடி வைக்கிறது எண்டு கேட்டுப் பழகினனான்.”

“சரி, இதை யோகனிட்டச் சொல்லுறதுக்கென்ன?”

அவள் நிமிரவில்லை. இரண்டாவது பிளக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “அவர் வைக்கிற பிளக்குதானே அக்கா அவரைக் கடல்ல இருந்து திருப்பிக் கொண்டு வருது. அது பிழை எண்டு நான் என்ன வாயால சொல்லுறது?”

பிளக்கைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, “அதோட, இந்த நாளில அவருக்குக் கடலும் இல்லை, உழைப்பும் இல்லை. நான் வெளிக்கிட்டுப் போறன். இதை ஒண்டைத்தான் எனக்கெண்டு செய்யிறார்” என்றாள்.

நான் ரோச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தேன்.

ஏன் சரியாக இந்தப் பனங்கூடலில் நிறுத்துகிறாள் என்பதற்கும் காரணம் இருந்தது. வீட்டில் திறக்க முடியாது, யோகன் நிற்பார். இதற்கு மேல் ஓடினால் என்ஜின் சூடாகிவிடும், கை வைக்க ஏலாது. வீட்டுக்குத் தூரமாகவும் என்ஜினுக்குக் குளிராகவும் உள்ள இடம் இது ஒன்றுதான். இப்படியே ஒவ்வொரு பறுவத்துக்கும் அவர் பூட்ட இவள் கழற்ற என்று காலம் தள்ளிவிடலாம் என்பது அவள் திட்டம். ஹோட்டலும் கையை விட்டுப் போகாது, மனுசனுடைய முகமும் கோணாது.

நல்ல திட்டம்தான். நான் ஏறாமல் இருந்திருந்தால் நடந்தும் இருக்கும்.

மூன்றாவது பிளக்கைக் கழற்றும்போது பாலத்துப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் வெளிச்சம் ஒன்று வந்தது. வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. யோகன்! அவர் கையில் என்னுடைய கைபேசி. சார்ஜில் போட்டதை அப்படியே மறந்துவிட்டு வந்திருந்தேன். நான் கதைக்க ஆள் இல்லாமல் தவிப்பேன் என்று பாவம், பின்னாலேயே கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

“வாகனம் நிண்டுட்டுதே?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

பழந்துணியின் மேல் மூன்று பிளக்குகள் கிடந்தன. சுமதியின் கையில் இரும்புத் தகடு. நிற்காத வாகனத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

குந்தினார். சரிசெய்யாமல் கிடந்த மூன்றாவது பிளக்கை எடுத்தார். சுமதியின் கையில் இருந்த தகட்டை வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தார். போகவில்லை. சரிசெய்த பிளக் ஒன்றை எடுத்து அதிலும் விட்டுப் பார்த்தார். போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எவ்வளவு காலமா?”

“போன மாதம்தான் கண்டுபிடிச்சனான்... இண்டைக்குத்தான் முதல்தரம் இஞ்ச வச்சுத் திறக்கிறன்” என்றாள்.

நான் நடுவில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தேன். “இல்லை யோகன், இது பெற்றோல் வாகனம், அதால...” என்று தொடங்கினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைபேசியை என் கையில் தந்தார். “கெதியாப் பூட்டு. அங்க கூறி முடிச்சிடுவாங்கள்” என்று அவளிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அவர் வேலை செய்வதைக் கதிரை போட்டு ரசித்தவள் நான்தானே.

மிச்ச இரண்டு பிளக்கையும் சரிசெய்து நாலையும் பூட்டினாள். அவசரத்தில் ஒன்று மரை மாறி ஏறப் பார்த்தது. கழற்றித் திரும்பப் பூட்டினாள். லிங்கநகரில் எனக்கு இறங்க மனம் வரவில்லை, சீனக்குடாவுக்கும் கூடவே போனேன். கடைசிக் கூறில் மூன்று அறக்குளா கிடைத்தது. திரும்பும்போது அநுராதபுரச் சந்திக்கு அங்கால் மான் கூட்டம் ஒன்று வீதியைக் கடந்தது. பட்டணத்து மான்களுக்கு எந்த அவசரமும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். நடு வீதியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுத்தான் போயின. அவ்வளவு நேரமும் என்ஜின் ஒரு தும்மல் இல்லாமல் ஓடிக்கொண்டு நின்றது. நிலாவெளியில் குசினிக்காரர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். மீனை நிறுக்கச் சொன்னார்.

ஹோட்டல் தப்பியது. சுமதி சந்தோஷப்பட்டாளா? காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் சீற்றுக்கு அடியில் செருகிவிட்டு வாகனத்தைத் திருப்பினாள்.

இனி நான் பிளக் இடைவெளியையும் புருஷன் பெண்சாதி இடைவெளியையும் ஒப்பிட்டு இரண்டு பந்தி எழுதுவேன் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு.

நம்மில் அன்பு வைத்தவர்கள் எல்லோரிடமும் ஒரு அளவு இருக்கிறது. அது அவர்கள் பிழைத்து வந்த இடத்தின் அளவு. கனடாவில் இருக்கிற என் அண்ணன் ஒவ்வொரு வருடமும் எனக்குத் தடித்த கம்பளிச் சட்டை அனுப்புகிறார்... திருகோணமலைக்கு! குளிர் அவருக்கு. சட்டை எனக்கு. பட்டினி கண்ட மாமி, நாங்கள் விருந்துக்குப் போனால் மூன்றாவது தரமும் சோறு போடுகிறார். யோகனுக்குத் தெரிந்தது கடல். அங்கே ஒரு இழுவையில் என்ஜின் பத்தாவிட்டால் ஆள் இல்லை. அந்தப் பயத்தில் இருந்துதான் அவர் பெண்சாதியின் வாகனத்துக்கும் பிளக்கை நெருக்கி நெருக்கி வைத்திருக்கிறார். நெருக்கியதால் இருமியது. இருமியதால் இன்னும் கவனமாக நெருக்கினார்.

அண்ணனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. சட்டைகள் அலுமாரியில் கிடக்கின்றன.

பறுவம் கழிந்து இருட்டு நாட்கள் வந்தன. யோகன் கடலுக்குப் போனார், வந்தார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பிறகு ஆவணி நிலவு தொடங்கியது. ஒரு நாள் சுமதி தொலைபேசி எடுத்தாள்.

“வாகனம் எப்பிடி?” என்று கேட்டேன்.

“வாகனம் நல்லா ஓடுது அக்கா. அவர் அந்தப் பக்கமே போறேல்லை. கையைக் கட்டிக்கொண்டு கதிரையில இருக்கிறார். கிணத்துக் கப்பி கத்துது, அதுக்கும் எண்ணெய் விடுறாரில்லை.”

“கொஞ்ச நாள் விடு. தானாச் சரி வரும்” என்றேன். எனக்குத் தெரியாத விஷயங்களுக்கு நான் கொடுக்கிற ஆலோசனை எப்போதும் இதுதான்.

அவள் விடவில்லை. பட்டணத்துக்கு வந்தபோது நாலு புதுப் பிளக் வாங்கினாள். போயாவுக்கு முதல் நாள் அவற்றையும் இரும்புத் தகடுகளையும் கொண்டுபோய் யோகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இஞ்சேருங்கோ, பழசு தேஞ்சு போச்சாம். நாளைக்கு நீண்ட லீவு, ஹோட்டல்ல இந்த வருசத்திலயே பெரிய ஓடர். எனக்கு ஐஸ் எடுக்கப் போகவேணும். நீங்கள் பாத்துப் பூட்டி வையுங்கோ” என்றாளாம். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாளாம்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது பிளக்குகள் வைத்த இடத்திலேயே கிடந்தன. யோகன் தகடுகளை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தத் தகடு?” என்று கேட்டார்.

சுமதி தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான் கதை. பின்னேரம் முழுக்கப் பொனட்டுக்குள் குனிந்தபடி இருந்திருக்கிறார். புதுப் பிளக் ஆனாலும் ஒவ்வொன்றையும் அளந்துதான் பூட்டினாராம். அது முடியக் கடற்கரைக்குப் போய்ப் படகுப் பிளக் இரண்டையும் கழற்றி அந்தத் தகட்டால் அளந்து பார்த்திருக்கிறார். பிறகு பழையபடி தங்கூசியைப் போட்டுத் தட்டி, தன் அளவுக்கே பூட்டிவிட்டார். “கடலுக்கு என்ர அளவுதான்” என்றாராம். இதைச் சொல்லும்போது சுமதி சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதமாகியிருந்தது.

போயாவன்று மத்தியானம் நானே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். உண்மையைச் சொன்னால் காலையில் இருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருடத்திலேயே பெரிய ஓடர், பிந்தினால் ஹோட்டல் இல்லை, பூட்டியவரோ யோகன்!

“குடுத்திட்டன் அக்கா. நேரத்துக்கு முன்னமே போயிட்டன்” என்றாள்.

“மிஸ்ஸிங்?”

“ஒண்டும் இல்லை.”

“பிளக் சரியெண்டு உனக்கெப்பிடி முதலே தெரியும்? வழியில நிப்பாட்டி ஒருக்காக் கழட்டி அளந்து பாத்தியா?”

“இல்லையே” என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டது மாதிரி. “அவர் பாத்தவர்தானே.”

நானாக இருந்தால் ஒன்றையாவது கழற்றிப் பார்த்திருப்பேன்.